வெறுங்காலோடு போனவர்

காலுறை பாதியில் சிக்கிக்கொண்டது. ஈரக்கால். துடைக்க நேரமில்லை. வலன்ரைன் முழங்காலிட்டு, கிழவரின் குதிகாலைத் தன் தொடையில் தூக்கி வைத்து, இரண்டு கட்டைவிரல்களாலும் துணியை விரித்து இழுத்தான். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் லிஃப்ட் நின்ற மணி கேட்டது. பிறகு காலடிகள். கீச்சுக் கீச்சென்று வரவேற்பு மேசை ஜொய்சியின் றப்பர் சப்பாத்து. அதன் பின்னால் ஓர் ஊன்றுகோல். இன்னும் ஒரு இழுப்பு. போர்வையை இழுத்துக் காலை மூடு. கதவு திறந்தபோது வலன்ரைன் ஒன்றும் அறியாதவன்போலத் தண்ணீர்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு நின்றான். தண்ணீர் தளும்பித் தன் சப்பாத்திலேயே ஊற்றுவது அவனுக்குத் தெரியவில்லை.

கிழவரின் இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. அந்த விவரம் மருத்துவக் கோப்பில் இருந்தது. கோப்பு நிர்வாகியின் அலுமாரியில், அலுமாரி பூட்டில். மற்றபடி அந்தக் காலைத் தினமும் கண்டவன், மொன்றியலில், புவாண்ட்-கிளேரில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் நான்கு வருடமாக அவரைக் குளிப்பாட்டிவரும் வலன்ரைன் மட்டும்தான்.

வினை மூன்று நாளைக்கு முன் பேப்பரில் வந்தது. வரவேற்பு மேசையில் வேலை செய்யும் ஜொய்சி, மன்னார்ப் பிள்ளை, பிரெஞ்சில் கெட்டிக்காரி, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துப் போட்டாள்.

"அண்ணை, உங்கட கிழவனைப் பேப்பரிலை போட்டிருக்கு. இனி நீங்களும் பெரிய ஆள்தான்."

படத்தில் முப்பது வயது இளைஞன் ஒருவன் மேடையில் கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தான். பெல்ஜியத்தின் வடக்கே, பிளெமிஷ் பேசும் ஊரொன்றின் அரசியல்வாதி. பெயர் அட்ரியான் வெர்லிண்ட.

"தங்கட பாசைக்காகத்தான் தொடங்கினவராம், அண்ணை. பிரெஞ்சுக்காரர் தங்களை மதிக்கேல்லையெண்டு ஊரூராக் கூட்டம் போட்டுக் கத்தினவராம். பேந்து ஜெர்மன் ஆமி வந்தோடன அவங்களோட சேந்து மேயராகி, பிடிக்கவேண்டிய ஆக்களின்ர லிஸ்ற் எழுதிக் குடுத்தவராம். இருவது பேர். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. சண்டை முடிய ஆளைக் காணேல்லை. இல்லாத ஆளுக்குக் கோட்டிலை மரண தண்டனை." ஜொய்சி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எங்கட மொரிஸ் லம்பேர் ஐயா அவராத்தான் இருக்கவேணுமாம். ஆனா உறுதியில்லையாம். லிஸ்றிலை இருந்த ஒருத்தற்ற மகள் பெல்ஜியத்திலையிருந்து ஆளைப் பாக்க வாறாவாம். நாப்பத்திமூண்டிலை காருக்குக் குண்டெறிஞ்சதிலை இடக்காலிலை ரெண்டு விரல் போனதாம். நீங்கள்தானே கழுவுறியள். விரல் இருக்கோ?"

"நான் விரலை எண்ணிக்கொண்டோ திரியிறன்?"

"நாலு வருசமாக் கழுவுறியள், எண்ணத் தெரியாதோ? செலீன் அக்காட்டைச் சொல்லுறன், உங்களுக்குக் கண்ணாடி வாங்கித் தரச்சொல்லி."

ஊருக்குத் தெரிந்த மொரிஸ் லம்பேர் லவாலில் ஐம்பது வருடம் பூஞ்செடி விற்றவர். பிரெஞ்சில் பேரம் பேசி, பிரெஞ்சில் பூசை கண்டு, பிரெஞ்சுக்காரியைக் கட்டி, அவளைப் புதைத்தவர். போன கோடையில் மறதி நோய் முற்றி அந்தப் பிரெஞ்சு முழுவதும் மண்டையிலிருந்து வடிந்துபோயிற்று. அடியில் வேறொரு பாசை கிடந்தது. யாருக்கும் விளங்காத அந்தப் பாசையில் அவர் விடிந்தால் பேசத் தொடங்குவார். குரல் ஏறும், இறங்கும், கைதட்டலுக்கு நிறுத்துவதுபோல நிற்கும். அக்குளைக் கழுவ வலது கையை உயர்த்திவிட்டால், அது பிறகு இறங்காது. விறைத்து நிற்கும். வலன்ரைன்தான் அதைப் பிடித்து மெல்ல மடக்கிவிடுவான். அறுபது வருடம் ஒளித்துவைத்த மனிதனை அவர் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பேப்பரைக் கண்ட நாளிலிருந்து வலன்ரைனுக்குச் சோறு இறங்கவில்லை. அறுபது வருடம் கழித்தும் தேடி வருவார்களா? கடல் தாண்டியும் வருவார்களா?

அந்தப் பேப்பர்க் கதையை ஜொய்சி மாதா கோயிலில் வலன்ரைனின் மனைவி செலீனிடமும் சொல்லிவிட்டாள். இன்று விடியற்காலை வலன்ரைன் பூட்ஸ் போடும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அந்த ஆள்தானெண்டு உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லிப்போடுங்கோ. அந்த மனிசிக்கு இப்பவெண்டாலும் ஒரு முகம் தெரியும். எனக்கு அதுவுமில்லையே."

இன்று அவள் அண்ணன் அன்ரனின் நினைவு நாள். எண்பத்தாறில், இதே மாதம், இதே தேதி இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துக் கோயில் வளவில் எல்லோரையும் வரிசையில் விட்டது. வரிசை ஒரு ஜீப்பைக் கடந்து போகவேண்டும். ஜீப்பில், தலையில் சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு துளை வைத்த ஒருவன் இருப்பான். தலையாட்டி என்று ஊர் அவனைச் சொல்லும். அவன் தலை அசைந்தால், முன்னால் நிற்பவன் ட்றக்கில் ஏறவேண்டும். அன்ரனுக்கு இருபத்திரண்டு வயது. ட்றக்கில் ஏறியவன் திரும்பவில்லை. சாக்குக்குள் இருந்தது யாரென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. செலீன் அழும்போது எப்போதும் ஒன்றையே சொல்லி அழுவாள்: "அண்ணை காலிலை ஒரு பாட்டாச் செருப்புக்கூட இல்லாமல், வெறுங்காலோட போனவர்." அதனால் வருடாவருடம் அந்த நாளில் ஒரு பூசை, அதோடு கோயிலின் தருமப் பெட்டிக்கு ஒரு சோடி ஆண்கள் பூட்ஸ். மொன்றியல் பனியில் யாரோ ஒருவன் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்பது அவள் கணக்கு.

பெல்ஜியத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஹில்டா. எழுபது வயது. கோட்டில் ஒட்டிய பனி உருகிச் சொட்ட, கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்தாள். கிழவரைப் பார்த்து ஏதோ பிளெமிஷில் சொன்னாள். அவர் கண் திறந்தது. மகிழ்ச்சியாகப் பதில் சொன்னார். சிரித்தார்கூட.

"என்ன சொல்லுறார்?" ஜொய்சி வாசலில் நின்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நான் யாருடைய மகள் என்று கேட்கிறார்." ஹில்டாவின் பிரெஞ்சு நிறுத்தி நிறுத்தி வந்தது. "சொன்னேன். தபால்காரர்தானே, நல்ல மனிதர், அவருக்கு என் வணக்கம் சொல் என்கிறார்." அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அப்பா பட்டியலில் பன்னிரண்டாவது."

வெளியே பனி அள்ளும் வாகனம் பின்வாங்கிப் பின்வாங்கிக் கத்தியது.

"தபால்காரர் இல்லாத ஊர் ஏது? இது போதாது," என்றாள் ஹில்டா. பிறகு வலன்ரைன் பக்கம் திரும்பினாள். "தண்டனைக்காக நான் வரவில்லை. இவருக்கு இனி என்ன தண்டனை? அப்பாவைப் புதைத்த இடம்கூட எங்களுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை எழுதிய ஆளையாவது கண்டேன் என்று நான் சாகுமுன் எனக்குத் தெரியவேண்டும். விதிகள் எனக்குத் தெரியும். உன் வேலை போகக்கூடாது. நீ வாய் திறக்கவே வேண்டாம். இடது கால். இரண்டு விரல். ஆம் என்றால் தலையை மட்டும் ஆட்டு."

வலன்ரைன் பேசினை மேசையில் வைத்தான். ஒரே ஒரு அசைவு. கீழே, மேலே. அவ்வளவுதான். உண்மையும்கூட. செலீன் கேட்டதும் அதைத்தான். ஆனால் கழுத்து சீமெந்தாகிவிட்டது. அறைக்குள் இருந்த மருந்தும் சவர்க்காரமும் மறைந்து, எங்கிருந்தோ சணல் மணம் மூக்கில் ஏறியது. ஹில்டா அவன் முகத்தையே பார்த்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

அவள் மெல்ல எழுந்தாள். தொலைபேசி எண் எழுதிய அட்டையை மேசையில் வைத்தாள். "மெர்சி, முசியே," என்று நன்றி சொன்னாள். ஊன்றுகோல் சத்தம் லிஃப்ட் வரை போய் நின்றது.

"அண்ணை, உங்கட கழுத்துக்கு என்ன வந்தது?" ஜொய்சியின் குரலில் இப்போது பகிடி இல்லை. "பாவம், அந்த மனிசி உந்தப் பனிக்குள்ளாலை வந்தது. இல்லையெண்டால் இல்லையெண்டாவது ஆட்டியிருக்கலாமே." அவள் விறுக்கென்று போய்விட்டாள்.

கிழவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். வலன்ரைன் மறுபடி முழங்காலிட்டுக் காலுறையைக் கழற்றினான். ஊறிச் சுருங்கிய பாதம் குளிர்ந்து கிடந்தது. துவாயால் ஒற்றி ஒற்றித் துடைத்தான். விரல் இல்லாத இடத்தையும் துடைத்தான். பொக்கெற்றில் தொலைபேசி அதிர்ந்தது. செலீன்.

"மறந்துபோகாதேங்கோ, அஞ்சரைக்குப் பூசை. பூட்ஸ் பெட்டி காருக்குப் பின்னாலை கிடக்கு, ஒருக்காப் போட்டுப் பாத்திட்டுக் கொண்டாங்கோ. அண்ணையின்ர காலும் உங்கட காலும் ஒரே அளவுதானே."

ஒரே அளவுதான். அவனுக்குத் தெரியும். அந்த மாதம், சுற்றிவளைப்புக்கு நான்கு நாள் முன்பு, பந்து விளையாடிவிட்டுத் திரும்பும்போது வலன்ரைனின் செருப்பு வார் அறுந்தது. "இந்தா, என்ர பாட்டாவைப் போடு. வார் விட்டுப்போச்சு, ஊசி குத்தியிருக்கிறன், பாத்து நட" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு அன்ரன் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். அன்றே வலன்ரைனை வழியில் இராணுவம் பிடித்தது. நான்கு பேரைக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கோயில் வளவில் மூன்று பேர் ஏறிவிட்டார்கள். பிறகு வரிசையில் அன்ரன் வந்தான். மற்றவர்களைப்போல அவன் சாக்கைப் பார்க்கவில்லை. ஜீப்பிலிருந்து கீழே தொங்கிய கால்களைப் பார்த்தான். நீல வார்ச் செருப்பு. இடது வாரில் ஊசி. அன்ரனின் முகம் நிமிர்ந்தது, ஒரு பெயரைச் சொல்ல வாய் விரிந்தது. அந்தப் பெயர் வெளியே வருவதற்குள் வலன்ரைன் தலையை ஆட்டினான்.