இரண்டு விநாடி

அம்பிக்கு உத்தியோகமே அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான். மராத்தி ஊரான மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் லீட். அந்த மிதப்பில்தான், மனைவி சியாமளா தன் நடனத்துக்கு ஒரு சிடி கேட்டபோது, "சிடிதானே, காபி ஆறறதுக்குள்ள முடிச்சுடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

இந்தக் காலத்தில் சிடி எதற்கு? போன வருஷம் குடியிருப்புக் கணபதி விழாவில் யாரோ செல்போனைச் செருகிப் பஜனை ஓடவிட்டார். நடுவில் மணி அடிக்க, மைக்செட் ரஃபீக் பதற்றத்தில் எதையோ அழுத்த, மூல வியாதி கிளினிக் பெண் "நாளை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்" என்று சொன்னதை முந்நூறு பேர் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அந்தப் போனுக்குச் சொந்தக்காரர் இன்றுவரை லிஃப்டில் ஏறுவதில்லை. அன்றோடு கமிட்டி போனைத் தடை செய்துவிட்டது.

சியாமளா கடைசியாகச் சலங்கை கட்டிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த வருஷ விழாவில்தான் மறுபடி ஆடப் போகிறாள்.

"ஏன்னா, இது மட்டும் சொதப்பிடுத்துன்னா நான் இனிமே ஆடவே மாட்டேன். சத்தியமா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டர் இறங்கியது. முதல் சிடியில் பாட்டுக் கோப்பை அப்படியே போட்டான். ரஃபீக்கின் பெட்டி அதைத் துப்பிவிட்டது. "சாப், ஆடியோ சிடி சாஹியே" என்றார் அவர். இரண்டாவதை ஒழுங்காக ஆடியோ சிடியாகவே எழுதினான். தனித்தனியாகப் பழக வசதியாக இருக்கட்டும் என்று பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் வெட்டி மூன்று பாட்டாக்கினான். ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் போட்டுக் கேட்டான். ஒன்று முடிந்து அடுத்தது வரும் இடத்தை மட்டும் கேட்கவில்லை. சியாமளாவும் துண்டு துண்டாகவே பழகினாள். ஆபீசில் எந்தப் பயலாவது இப்படிச் சோதித்திருந்தால் அம்பி அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த சிடி எழுதும் மென்பொருளோ, யாரும் கேட்காமலே, ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விநாடி மௌனத்தைச் செருகி வைத்திருந்தது.

விழாவில் பல்லவி பிரமாதமாக முடிந்தது. பாட்டு நின்றது. சியாமளாவின் கை அந்தரத்தில் நின்றது. ஜனம் கைதட்டியது. மைக்கோடு மேடைப் படியிலேயே காத்திருந்த கமிட்டிச் செயலாளர் அம்ருதா நன்றி சொல்ல ஓரடி ஏறி "தன்யவாத்!" என்றதும் அனுபல்லவி கிளம்ப, அவள் பின்பக்கமாகவே படி இறங்கினாள்.

மைக்செட் பக்கத்தில் நின்ற அம்பிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இன்னொரு வெட்டு பாக்கி இருக்கிறது. அது சியாமளாவுக்கும் தெரியும். அனுபல்லவி முடியும்போதே அவள் அம்பி நின்ற பக்கம் திரும்பிவிட்டாள்.

பாட்டு நின்றது. சியாமளா இடுப்பில் கை வைத்து, ஒரு புருவத்தைத் தூக்கி, அம்பியைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை அவன் வாங்கியதில்லை. இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை. சரணம் தொடங்கியது. "நேற்று எவள் வீட்டில் இருந்தாய்" என்று நாயகி கேட்கிற இடம். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது.

முடிந்ததும் அம்ருதா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி, அந்த நிறுத்தம்! அந்தக் கோபம்! க்யா பாத் ஹை!" என்று மெச்சித் தீர்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "தப்பு என்னோடதுதான்டி. மன்னிச்சுடு. அந்த ரெண்டு செகண்டை எடுத்துட்டு வேற சிடி போட்டுத் தரேன்."

"ஒண்ணும் வேண்டாம். அடுத்த வருஷமும் இதே சிடிதான்."

அம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆனா நீங்க முதல் வரிசையில நடுவுல உக்காரணும்" என்றாள் சியாமளா. "உங்களைப் பாத்தாத்தான் எனக்கு அந்தக் கோபம் வரது."