கிராம் சார் கம்ப்யூட்டர் கோத்த கதை

எடை அளவு ஆய்வாளருக்குக் கடைவீதியில் "கிராம் சார்" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்; அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான். ஒரு கிராம் குறைந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பதால் வந்த பெயர். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்தெடுத்த எடைக்கல், அடிப்பாகத்தைத் தட்டி உள்ளே தள்ளிய எண்ணெய் அளவை என்று எல்லாம் கண்டாயிற்று. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. காலையில் பால் பாக்கெட் வந்தால்கூட உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

அவருடைய மனைவி வீட்டிலேயே எம்பிராய்டரி தொழில் செய்பவள். பள்ளிக்கூடங்களுக்கும் கம்பெனிகளுக்கும் சட்டையில் வைக்கும் சின்னங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எந்த நூல் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று தீர்மானித்துக் கொடுப்பாள். பக்கத்து அறையில் இருக்கும் தையல் இயந்திரம் அதை அப்படியே தைத்துத் தள்ளும். ஒரு திங்கட்கிழமை காலை அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. நானூறு விளையாட்டுச் சட்டைகளுக்குப் பள்ளிச் சின்னம் பாதி வரைந்தபடி நின்றது.

"என்னங்க, கடைல ரெடியா இருக்கறதுல ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. சாயங்காலமே உக்காந்துடறேன்" என்றாள்.

கிராம் சார் போனார். கண்ணாடிக் கதவும் குளிரும் உள்ள பெரிய கடை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விற்பனையாளர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தடவிக் காட்டினார்.

"இதைத் திறங்க, பாப்போம்" என்றார் கிராம் சார்.

"திறக்கக் கூடாது சார். பின்னால ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. அது கிழிஞ்சா வாரண்டி போயிடும்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மேல எழுதியிருக்கே சார்."

"எழுதினதையெல்லாம் நம்பறதா இருந்தா என் ஆபீசையே இழுத்து மூடிடலாம்."

விற்பனையாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பே கிராம் சாருக்குப் பிடிக்கவில்லை. ஊரார் தராசுக்கெல்லாம் முத்திரை வைப்பவருக்கு, தான் உடைக்கக் கூடாத முத்திரை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே பொறுக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"நாமே பாகம் பாகமா வாங்கிச் சேர்த்துடலாம். ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்து வாங்கலாம். எவனும் ஏமாத்த முடியாது."

"எனக்கு வேண்டியது கம்ப்யூட்டருங்க. ஆராய்ச்சி இல்ல."

"ஒரு வாரம் பொறு."

அவள் பொறுத்தாள். வேறு வழியில்லாமல், தினமும் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய், தங்கை புருஷனுடைய கம்ப்யூட்டரில் அவர் ஆபீஸ் போயிருக்கும் நேரம் பார்த்து வேலை செய்தாள்.

நான்கு மாடி வணிக வளாகம் ஒன்றில், மூன்றாவது மாடியில், இரண்டு கையையும் விரித்தால் சுவரில் இடிக்கும் அளவுக்கு ஒரு கடை. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்ட ஓர் அம்மாள் அதை நடத்தினார். கிராம் சார் ஒவ்வொரு பாகத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இருந்த டப்பாவை நிறுத்தே விட்டார்.

"சார், இது தங்கம் இல்ல" என்றார் கடைக்கார அம்மாள்.

"தங்கத்தைவிட இதுலதான் இப்ப கலப்படம் அதிகம்."

"தாராளமா பாருங்க. வேணும்னா நானே இங்கயே சேர்த்துக் கொடுத்துடறேன். அரை மணி நேர வேலை. அதுக்குத் தனியா எதுவும் வேண்டாம்."

சும்மா செய்து தருகிறேன் என்கிறாளே! கிராம் சாரின் காது விடைத்துக்கொண்டது. சேர்க்கிற சாக்கில் நல்லதை எடுத்துவிட்டுப் பழையதைச் சொருகிவிட்டால்? "வேண்டாம், நானே பாத்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து வேலை தொடங்கியது. செல்போன் வீடியோவில் ஒருவர் எப்படிச் சேர்ப்பது என்று காட்டிக்கொண்டே வந்தார். பிராசசர் சூடாகாமல் இருக்க அதன்மேல் வைக்கும் கூலர் என்ற விசிறிப் பாகம் வரைக்கும் கிராம் சார் கூடவே போனார். அங்கே அந்த ஆள், "சூட்டைக் கடத்த இதுக்கு நடுவுல இன்ன கம்பெனி பசைதான் போடணும்" என்று ஆரம்பித்ததும் அவருக்குப் புரிந்துபோயிற்று.

"ஆகா, காசு வாங்கிட்டுப் பேசறான்" என்று அந்த இடத்தை அப்படியே தள்ளிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். கூலரோடு வந்த காகிதத்தில், அதன் அடியை ஒரு கை தொடுவதுபோல் படம் போட்டிருந்தது. துடைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, நன்றாகத் துடைத்து, பசை தடவி, உட்கார வைத்துத் திருகினார்.

மதியத்துக்குள் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பள்ளிச் சின்னத்தைத் திறந்து, நூலோட்டம் போடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். விசிறி இரைந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரை பட்டென்று இருண்டது.

மறுபடி போட்டார்கள். மறுபடி அணைந்தது. சும்மா வைத்திருந்தால் ஓடும். வேலை கொடுத்தால் படுத்துவிடும்.

"பழைய சரக்கைத் தலைல கட்டிட்டா" என்றார் கிராம் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் மதிய இடைவேளையில் அவர் அந்த வளாகத்துக்குப் போன விதம்தான் தப்பு. இலாகா வண்டியில், இலாகாச் சட்டையோடு போனார். கடை வாசலில் நின்று, வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "போலிச் சரக்கு வித்துட்டு நிம்மதியா உக்காந்திருக்கீங்களா?" என்றார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரிண்டர் வாங்க வந்திருந்த ஒருவர் நைசாக நகர்ந்துவிட்டார்.

கடைக்கார அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "சார், மெதுவா பேசுங்க. வேற பிராசசர் தரேன். ஆனா ஒரு தடவை மெஷினைக் கொண்டு வாங்களேன். கூலர் சரியா உக்காந்திருக்கான்னு பாத்துடலாம்."

"என் வேலை மேலயே சந்தேகமா?" என்று சீறினார் சந்தேகமே உருவானவர்.

புதிய பிராசசர் வந்தது. கூலரைக் கழற்றி, பழைய பசையைத் துணியால் பளபளவென்று துடைத்து, புதுப்பசை தடவிப் பொருத்தினார். அதுவும் பத்தாவது நிமிடம் அணைந்தது. மீண்டும் போனார், மீண்டும் சத்தம் போட்டார். இந்த முறை அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மெஷினைப் பாக்காம இனிமே ஒரு திருகாணிகூடத் தர மாட்டேன் சார். எங்க வேணும்னாலும் எழுதிப் போடுங்க."

எழுதிப் போடுவதற்காகத்தான் சனிக்கிழமை காலை இரண்டாவது முறையாகக் கூலரைக் கழற்றினார். ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் புகாரில் குறிப்பிட வேண்டும் அல்லவா? பசையைத் துடைத்துவிட்டு, "வெளிச்சத்துல வச்சு இந்த நம்பரைப் படி" என்று மனைவியிடம் கொடுத்தார்.

அவள் ஜன்னலோரம் நின்று எண்ணைத் தேடினாள். ஒட்டுச் சின்னங்களின் பின்தாளை நாள் முழுக்க உரிக்கிற விரல்கள் அவளுடையவை. கூலரின் அடியில் ஓரத்தில் எதுவோ நகத்தில் தட்டியது. நெம்பினாள். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் சர்ரென்று உரிந்து அவள் விரலோடு வந்தது. அதற்குக் கீழே செம்பு மினுங்கியது.

"என்னங்க, இது என்ன?"

கிராம் சார் பார்த்தார். படத்தில் இருந்த கை ஞாபகம் வந்தது; அது துடைக்கச் சொன்ன கை அல்ல, உரிக்கச் சொன்ன கை. சூடு செம்புக்கு ஏறவே விடாமல் இடையில் அந்தத் தாள் மறித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவரும் அதைத்தான் மூன்று முறை பளபளவென்று துடைத்திருக்கிறார்.

தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைல அவ ஒட்டிவிட்டிருப்பாளோ?" என்றார்.

மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பசைக் குழாயைத் தேடினார். அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடியது. சின்னம் முடிந்தது.

"போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள் அவள்.

திங்கட்கிழமை சாதாரணச் சட்டையில் போனார். மூன்றாம் மாடி வராந்தாவில் மற்ற கடைகளில் ஆள் இருந்தது; அந்தக் கடையில் இல்லை. அம்மாள் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பயமா கோபமா என்று தெரியவில்லை.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

கிராம் சார் மேஜைமேல் குனிந்து, தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். தப்பு தன்னுடையதுதான் என்றும் சொன்னார்.

அம்மாள் கேட்டு முடித்தார். "நீங்க திருப்பிக் கொடுத்த பிராசசர் அன்னியிலேர்ந்து என்னோட மெஷின்லதான் ஓடுது. ஒரு குறையும் இல்ல. அது எனக்கு அப்பவே தெரியும்." பிறகு, "அன்னிக்கு அவ்வளவு சத்தமா சொன்னீங்களே சார். இன்னிக்கு ஏன் இவ்வளவு மெதுவா சொல்றீங்க?" என்றார்.

கிராம் சாருக்குக் காது மடல் சுட்டது. நிமிர்ந்து வராந்தாவுக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தக் கடைச் சரக்குல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் தப்பா மாட்டிட்டேன்" என்று உரக்கச் சொன்னார்.

எட்டிப் பார்த்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எதிர்க்கடையில் செல்போன் உறை விற்பவர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது அவர் காதில் தெளிவாகவே விழுந்தது.

"கவனிச்சுட்டாங்கடா. எவ்வளவு வாங்கினாரோ!"

இருபத்தாறு வருடத்தில் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை அவர். அப்படியே நின்றார். மறுத்தால் இன்னும் நம்ப மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுப்பவர்கள் எத்தனை பேரை அவரே நம்பாமல் விட்டிருக்கிறார்! படியிறங்கி வந்தார். அன்று இரண்டு கடைகளில் தராசு சோதிக்க வேண்டியிருந்தது, கை ஓடவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. "நாளைக்கு நானும் வரேன். மெஷினைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் மாலை வளாகத்தில் கூட்டம் அதிகம். கிராம் சார் கம்ப்யூட்டர் பெட்டியான கேபினெட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார், மூச்சு வாங்கியது. மனைவி கடை மேஜையில் அதைத் திறந்துவைத்து, வராந்தாவில் இருந்தவர்களைக் கைகாட்டி அழைத்தாள். செல்போன் உறைக்காரரும் வந்தார்.

"இங்க பாருங்க. பால் பாக்கெட்டை நிறுத்து வாங்கற மனுஷன் இவரு. பிராசசரைத் தராசுல வச்சாரு. பூதக்கண்ணாடில பாத்தாரு. கடைசில பிளாஸ்டிக்கை உரிக்காம மாட்டிட்டு, ரெண்டு தடவை இந்த அம்மாவோட சண்டைக்கு வந்தாரு. அதை நான்தான் நகத்தால உரிச்சேன்!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செல்போன் உறைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். லஞ்சம் வாங்கினாரா என்று யோசித்தவர்கள், புருஷனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிற பெண்ணைச் சந்தேகப்படவில்லை. கிராம் சார் நடுவில் நின்று அத்தனை சிரிப்பையும் வாங்கிக்கொண்டார். கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவதுபோல் இருந்தது; ஆனால் விழுங்கியதும் நெஞ்சு லேசாயிற்று.

கூட்டத்தில் ஒருவர் அங்கேயே நின்று, தன் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கிராம் சாரின் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒயரெல்லாம் நல்லா கட்டியிருக்கீங்க சார். கூலர் திருகு ஒண்ணு மட்டும் லூசா இருக்கு" என்று ஒரு திருப்புளியை எடுத்தார்.

"இல்லையே, நான் இறுக்கினேனே" என்று வாய்வரைக்கும் வந்தது கிராம் சாருக்கு. மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களே பாருங்கம்மா" என்றார்.