கிட்டப் போய் எடுக்கிற லென்ஸ்

கேமரா வாங்கப் போகிறேன் என்று அமிர்தவல்லி சொன்ன நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் கேட்டது ஒன்றுதான். எதுக்கு?

கேட்டதில் தப்பில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ரெட்டியார்பாளையத்தில் சின்னதாக ஒரு வீடு, காலேஜ் போகிற ஒரே மகள். சம்பளக் கமிஷன் நிலுவை கைக்கு வந்தபோது கூட வேலை பார்ப்பவர்கள் வளையல் செய்துகொண்டார்கள், மாடியில் ஓர் அறை எழுப்பினார்கள். இவள் மட்டும் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா வேண்டும் என்றாள்.

காரணம் இருந்தது. ஆனால் அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நைட் டூட்டி முடிந்து காலையில் பஸ்ஸில் வரும்போது கண்ணில் ஏதாவது பட்டுவிடும். சிக்னலில் நிற்கிற ஸ்கூல் வேனுக்குள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கும் பிள்ளைகள். பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஒரு மஞ்சள் சுவர், அதன் கீழே பல் விளக்குகிற ஓர் ஆள். வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போய், குளித்து, படுத்து எழுந்தால் ஒன்றும் இருக்காது. தூக்கம் அத்தனையையும் துடைத்துப் போட்டுவிடும். நைட் டூட்டி பார்த்த வருடங்களில் அப்படி எவ்வளவு போயிற்று என்று அவளுக்கே தெரியாது. எல்லோரிடமும் "சும்மாதான்" என்று சொல்லி வைத்தாள்.

சும்மா என்றதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். வார்டில் கூட வேலை பார்க்கும் சுடர்விழி, தன் தம்பி துபாயில் நிக்கான் வைத்திருப்பதாகவும் அதை விட்டால் வேறு கிடையாது என்றும் சொன்னாள். எக்ஸ்ரே டெக்னீஷியன் கேனன்தான் என்றார். மகள் அபி பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு கட்டுத் தாளை அச்செடுத்து வந்தாள். மெகாபிக்சல், ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர் என்று போயிற்று அது. வார்டு அடங்கிய நேரத்தில் அமிர்தவல்லி அதைப் பிரித்து வைத்துப் படிப்பாள். அப்பர்ச்சர் எண் சிறிசானால் ஓட்டை பெரிசு என்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் கண் சொருகிவிடும். ஆசைப்பட்ட ஒரு பொருளே இன்னொரு டூட்டியாக ஆகிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

எதுவும் சொல்லாத ஒரே ஆள் அவள் கணவர் கலியபெருமாள். பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடிய பிறகு லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. அவருக்குப் பகலென்றால் இவளுக்கு இரவு, இவளுக்குப் பகலென்றால் அவருக்கு இரவு. வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும்போது பேசுவதுதான் பேச்சு. கேமரா விஷயத்தைச் சொன்னபோது, "வாங்கிக்கோயேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இதில் அக்கறையே இல்லை என்று அமிர்தவல்லிக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்.

அதிசயமாக ஒரு வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருக்குமே நைட் டூட்டி முடிந்திருந்தது. கலியபெருமாள் ஆஸ்பத்திரி வாசலுக்கே டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"வா, இன்னிக்கே பாத்துட்டுப் போயிடலாம். இல்லன்னா நீ வாங்கவே மாட்ட."

நேரு வீதியில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. கேமராக் கடைக்கு எதிர்ப்பக்கம்தான் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது.

"நீங்களும் வாங்க."

"எனக்கு அதுல இன்னா தெரியும்? நீ போயி பாரு. நான் வண்டிகிட்ட இருக்கேன்."

அவள் மேற்கொண்டு கூப்பிடவில்லை. சேலையில் டெட்டால் வாசனையோடு தனியாகக் கடைக்குள் ஏறினாள்.

கடைக்காரர் வினோத்குமார் முப்பது வயதுக்காரர், நல்ல பேச்சுக்காரர். கண்ணாடி மேசைமேல் ஒரு துணியை விரித்து இரண்டு கேமராக்களை வைத்தார்.

"ஃபர்ஸ்ட் டைமா மேடம்? அப்ப கம்பெனிய பாக்காதீங்க. கையில புடிச்சுப் பாருங்க. எது ஒக்காருதோ அதான் ஒங்களுது."

இத்தனை வாரத்தில் அவளுக்குப் புரிந்த முதல் யோசனை அதுதான். ஒன்றைப் பிடித்தாள், விரல் இடித்தது. மற்றதைப் பிடித்தாள். பச்சைக்குழந்தையின் தலைக்குக் கீழே கை கொடுக்கிற மாதிரி இடதுகை தானாகவே லென்ஸுக்கு அடியில் போய் நின்றது.

"இது."

"சூப்பர். அடுத்து லென்ஸ். ஒங்களுக்கு இன்னா எடுக்கணும்? ஃபங்ஷனா, குருவி கிருவியா, ஊர் சுத்தறதா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா ரெட்டை லென்ஸ் செட்டு வாங்கிடுங்க. கிட்டத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு. மொதல்ல வாங்குறவங்க எல்லாரும் இதான் வாங்குறாங்க. இருங்க, தூரத்தைப் பாத்தா வுட மாட்டீங்க." நீளமான ஜூம் லென்ஸை மாட்டி அவள் கையில் கொடுத்தார். "வாசலாண்ட போயி பாருங்க. இந்த வளையத்தைத் திருப்புங்க, அப்பிடியே கிட்ட வரும்."

வாசல் படிக்கு உள்ளே, நிழலில் நின்று கண்ணை வைத்தாள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் உதிர்ந்த வண்ணம் தெரிந்தது. ஷட்டரைத் தூக்குகிற பெண்ணின் கண்ணாடி வளையல் தெரிந்தது. அமிர்தவல்லியின் வாய் தானாகச் சிரித்தது. வளையத்தை இன்னும் திருப்பிக்கொண்டே கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள்.

ஒரு கிழவர் வண்டிமேல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வலது முட்டியை அழுத்திப் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது, உதடு உள்ளே மடிந்திருந்தது. கன்னத்தில் இரண்டு நாள் வெள்ளைத் தாடி. யாரோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் சட்டையைப் பார்த்தாள். செக்யூரிட்டிச் சட்டை. தோள்பட்டையில் அவளே தைத்துக் கொடுத்த பட்டை.

சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டியைத் தள்ளிப் போடச் சொன்னார். கலியபெருமாள் அவசரமாக இறங்கினார். வலது கால் தரையில் பட்டதும் முகம் கோணிற்று. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, போலீஸ்காரரிடம் கை காட்டி ஏதோ சொன்னார். காலை ஒரு பொருளைப் போல இழுத்துக்கொண்டு வண்டியை நாலடி தள்ளினார். பிறகு கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நிழலில் நின்ற அவள் அவர் கண்ணில் படவில்லை. ஆனால் அவள் வந்துவிடுவாளோ என்று நினைத்தவர் போல நிமிர்ந்து நின்றார். முகத்தைத் துடைத்தார், தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டார். தினமும் வாசலில் சாவி வாங்குகிற கலியபெருமாள் ஆகிவிட்டார்.

அவள் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கேமராவைக் கீழே இறக்கினாள்.

சாப்பிடத் தரையில் உட்காராமல் நாற்காலி போட்டுக்கொள்கிறாரே, ஏன் என்று கேட்டதற்குத் தரை சில்லென்று இருக்கிறது என்றார். மாசியில். இப்போது ஆடி. வார்டில் ஒருவர் நடந்து வருகிற விதத்தை வைத்தே என்ன வலி என்று சொல்லிவிடுவாள் அவள்.

"எப்பிடி மேடம்?" என்றார் வினோத்குமார்.

"இது வேணாம்பா."

"ஏன், க்ளியரா இல்லியா?"

"எல்லாம் தெரியுது. தூரத்துல நின்னு பாக்குறது எனக்கு வேணாம். கிட்டப் போயி எடுக்குற மாதிரி எதுனா இருக்கா?"

அவர் யோசித்துவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு குட்டை லென்ஸை எடுத்தார். எடையே இல்லை. விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

"ஐம்பது எம்.எம். ஜூம் கிடையாது. பெருசா வேணும்னா நீங்கதான் முன்னால போவணும், சின்னதா வேணும்னா பின்னால வரணும். வெளிச்சம் கம்மியா இருந்தாக்கூட நல்லா எடுக்கும். ஆனா மேடம், மொதல் லென்ஸா இத யாரும் வாங்க மாட்டாங்க. நாள் பூரா நடக்கணும்."

"நடக்குறதுதான் என் வேலையே. போட்டுக் குடு. அதோ, எதிர்ல வண்டிகிட்ட நிக்கறாரு பாரு, அவர உள்ள கூப்புடு. ஒரு நாற்காலி போடு."

கலியபெருமாள் வண்டியைக் காரணம் காட்டிக்கொண்டே வந்தார். படியேறும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்ததும் அமிர்தவல்லி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, கடை என்றும் பார்க்காமல் முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அவர் துள்ளினார்.

"எவ்ளோ நாளா?"

"இன்னா எவ்ளோ நாளா?"

"முட்டி."

அவர் கண்ணாடி மேசையைப் பார்த்தார். வினோத்குமார் பில் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

"பொங்கலுக்கு முன்னாலருந்து. நிக்கற வேலதான, இருக்கும்."

"நர்ச வூட்ல வச்சிக்கினு ஏங்க சொல்லல?"

"அதான் சொல்லல. ராத்திரி பூரா அங்க நர்சு. காலைல வூட்டுக்கு வந்தும் நர்சாவே இருக்கணுமா நீ?"

அவளுக்குக் கோபம் வர வேண்டும். கோபப்படத் தெம்பில்லை. அவர் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

கேமராப் பெட்டியோடு வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். இவள்தான் வண்டியை ஓட்டினாள். எலும்பு டாக்டர் அறை வாசலில் கூட்டம். சுவரோரப் பெஞ்சில் இடம் கிடைத்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிப்போனார்.

அவள் பெட்டியைப் பிரித்தாள். பேட்டரியைச் சார்ஜ் போட்ட பிறகுதான் வேலை செய்யும் என்று வினோத்குமார் சொல்லியிருந்தார். இருந்தாலும் லென்ஸை மாட்டிக் கண்ணை வைத்தாள். உயிரில்லாத கேமராவிலும் அவர் தெரிந்தார், மங்கலாக. வளையத்தைத் திருகினாள். மங்கல் விலகி, முதலில் காது, பிறகு கன்னத்து வெள்ளை முடி, பிறகு இமை. கை நீட்டினால் தொடுகிற தூரம். எத்தனை மாதமாக அவர் முகத்தை இப்படிப் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எடுத்துட்டியா?"

"இல்ல. சார்ஜ் இல்ல."

"அப்ப இன்னா பாக்கற?"

"ஒங்களத்தான்."

"நல்ல காட்சிதான் போ" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

முட்டி தேய்ந்திருக்கிறது, மணிக்கணக்கில் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரையும் முட்டிக்கு இறுக்கமான உறையும் கொடுத்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேட்கிறேன், தராவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு வரும் வழியில் கலியபெருமாளே சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நாள் பிடித்திருக்கும் என்று வண்டியை ஓட்டியபடி நினைத்தாள் அமிர்தவல்லி. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். சோறு கூடச் சாப்பிடாமல், ஆளுக்கொரு பாயில் அப்படியே சாய்ந்தார்கள்.

அவள் கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலேஜிலிருந்து வந்த அபி கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தாள்.

"யம்மா, திட்டாத. ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டேன். இதுல ஜூமே இல்ல. ரெண்டு பேரும் வரணும்னு தெருவாசப்படி வரைக்கும் பின்னால போயிட்டேன் தெரியுமா?"

அமிர்தவல்லி வாங்கிப் பார்த்தாள். சின்னத் திரையில் இரண்டு பாய். முட்டியில் உறையோடு ஒருவர், டூட்டிச் சேலையோடு ஒருத்தி, இரண்டு பேர் வாயும் திறந்தபடி. ஜன்னல் வெளிச்சம் இருவர்மேலும் ஒரே அளவாக விழுந்திருந்தது.

"அசிங்கமா இருக்குதா? அழிச்சிடவா?"

"வேணாம். இருக்கட்டும்" என்றாள் அமிர்தவல்லி. கேமராவை மகளிடமே கொடுத்துவிட்டு, அவர் எழுந்திருப்பதற்குள் காபி போட அடுப்படிக்குப் போனாள்.