முனை தாண்டி ஏறிக்கொள்

சைக்கிளில் டபுள்ஸ் போவது அப்போதெல்லாம் மெட்ராஸில் குற்றம். பிடித்தால் போலீஸ்காரர் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். ஆனால் அடையாற்றங்கரையில் எங்கள் குடிசைப் பகுதியில் டபுள்ஸ் போகாத சைக்கிளே கிடையாது. சட்டம் போட்டவர் காரில் போகிறவராக இருந்திருப்பார், அவரைச் சொல்லி என்ன பயன்? அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். தூரத்தில் போலீஸ் தலை தெரிந்ததும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் குதித்து இறங்கி, யாரோ எவரோ என்று நடந்து அவரைத் தாண்டிவிட வேண்டும். ஓட்டுகிறவர் நல்ல பிள்ளையாகத் தனியாகப் போய் முனைக்கு அப்பால் நிற்பார். அங்கே மறுபடி ஏறிக்கொள்ளலாம். போலீஸ்காரருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி நிற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று கேலி பேசுவோம்.

அப்படி மந்தைவெளி முனையில் இறங்கி நடந்தபோதுதான் என் அம்மா தாயம்மா செத்துப்போனாள். எழுபத்து மூன்றாம் வருஷம், ஆடி மாசம். நைனா, என் அப்பா, எதிர்ப்பக்கம் சைக்கிளில் காலை ஊன்றிக் காத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே அம்மா ரோட்டைக் கடந்தாள். முனை திரும்பி வந்த தண்ணீர் லாரியைப் பார்க்கவில்லை.

நைனாவின் பெயர் வடிவேலு. மயிலாப்பூரில் ஒரு மாவு மில்லில் வேலை. பக்கத்துத் தெருவில் ஸ்ரீலக்ஷ்மி மாமி வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்தாள். தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போவார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு நைனா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடத் தொடங்கினார். பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கேரியரில் அம்மாவின் இடம் எனக்கு வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டுதான் அதில் உட்கார்ந்தேன்.

முதல் நாளே முனையில் போலீஸ்.

"எறங்கு நிலா, அப்பால வந்து குந்திக்கோ" என்றார் நைனா.

இறங்கி நடந்தேன். முனையைத் தாண்டி நைனா சைக்கிளை நிறுத்தினார். நான் இன்னும் ரோட்டைக் கடக்கவே இல்லை. அவர் தலையை லேசாகத் திருப்பி, "குந்திக்கினியா?" என்று கேட்டார். பின் டயர் அமுங்கியது. கண்ணால் பார்த்தேன், கனமான ஆள் ஏறினால் அமுங்குமே, அதே அமுக்கம். நைனா எழுந்து நின்று பெடலை மிதித்தார். தனியாகப் போகும்போது அவர் ஒருநாளும் நின்று மிதித்ததில்லை.

"நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை.

சாயங்காலம் வந்ததும் சண்டை பிடித்தேன். "இன்னா நைனா, என்ன வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற?"

"இன்னாம்மே சொல்ற? குந்திக்கினியான்னு கேட்டுட்டுத்தானே பெடல மெறிச்சேன்?" என்றார். பொய் சொல்கிற முகமில்லை அது.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். முனைவரை நான், முனைக்கு அப்பால் வேறு யாரோ. அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் ஸ்ரீலக்ஷ்மி மாமி என்னைத் தெருவில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தினம் கார்த்தால உங்கப்பா எங்காத்து வாசல்ல வந்து சைக்கிளை நிறுத்தறார்டி. பின்னாடி யாரோ எறங்கறாப்ல செத்த நேரம் நின்னுண்டு இருக்கார். அப்புறம் தலையாட்டிட்டுப் போறார். ஒரு வார்த்தை பேசறதில்லை. நேக்குப் பயமா இருக்கு."

வீட்டிலும் பேச்சு நின்றுபோயிற்று. தட்டு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். பாதி ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில், நான் எதிரில் இருக்கும்போதே என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். முனை எப்போது வரும் என்று காத்திருப்பவரின் முகம். எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீ போனாய், சரி. இருக்கிற ஒருவரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகிறாயே, பெற்ற பெண் நடுத்தெருவில் நிற்பது தெரியவில்லையா?

ஒரு திங்கட்கிழமை, இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

"எறங்கும்மே, போலீசு நிக்கிறாரு."

"எறங்க மாட்டேன்."

"காத்த புடுங்கி வுட்ருவாங்க!"

"புடுங்கட்டும்." சீட்டின் ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முனையில் புதிதாக வந்த போலீஸ்காரர் நின்றிருந்தார். எங்களை அவருக்குத் தெரியாது. லத்தியை நீட்டி மறித்தார்.

"இன்னாய்யா, டபுள்ஸே தப்பு. நீ காலங்காத்தால ட்ரிபிள்ஸ் வர்றியா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். எனக்குப் பின்னால் கேரியரில் நாலு விரல் இடம்கூடக் கிடையாது. ஆனால் முதுகில் ஒரு சாய்மானம் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது. பயத்தில் திரும்பவில்லை. திரும்பாமலே, அப்படியே சாய்ந்துகொள்ளலாமா என்றும் இருந்தது.

"ஏம்மா, பெரியவங்க நீங்களாவது சொல்லக்கூடாதா? எறங்குங்க ரெண்டு பேரும்" என்றார் போலீஸ்காரர்.

நைனா திரும்பினார். எத்தனையோ நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"இது எம் பொண்ணு சார்."

"அப்ப பின்னாடி கீறது யாரு?"

நைனா கேரியரைப் பார்த்தார். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

"அவ எறங்கிட்டா சார்," என்றார். "ஆடி மாசமே எறங்கிட்டா."

என் முதுகில் இருந்த சாய்மானம் போய்க் காற்றுப் பட்டது. போலீஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேரியரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வால்வின் பக்கம் குனிந்தவர், தொடாமலே நிமிர்ந்துவிட்டார். "போ, போய்யா" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

"கெட்டியா புடிச்சிக்கோ" என்றார் நைனா என்னிடம். போலீஸ்காரர் கண்ணெதிரிலேயே டபுள்ஸ் போனோம். நைனா வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. பெடல் மேல் அவர் கால் தயங்கியது. பின்னால் ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பிடிக்க ஓடி வருகிற சத்தம். நைனாவுக்கும் கேட்டிருக்கிறது, பிரேக்கின் மேல் விரல் போயிற்று.

"மெறி நைனா," என்றேன். "நிறுத்தாத. மெறி."