முன்பல் பிடுங்குவதற்கு முந்தின நாள்

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், சிவகாசி வட்டார இசை உலகம் நாளைக் காலை பத்து மணியோடு ஒரு சகாப்தத்தை இழக்கிறது. ட்ரம்பெட் சக்கரவர்த்தி செல்லச்சாமிக்கு முன்பல் இரண்டையும் பிடுங்குகிறார்கள். அவை போனால் ட்ரம்பெட் ஊத முடியாது.

சக்கரவர்த்திப் பட்டம், பேண்டு செட் முதலாளி வெள்ளைத்துரை ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருஷமாகச் செல்லச்சாமி ஊதியது கல்யாணத்துக்கும் சாவுக்கும். மதுரையில் பழைய ட்ரம்பெட் வாங்கினபோது பெட்டிக்குள் ஒரு கேசட் கிடந்தது. அந்தக் காலத்து அமெரிக்காக்காரர்கள் நடன அரங்குகளில் ஊதிய ஸ்விங் என்கிற ஜாஸ் இசை. அதைக் கேட்டுக் கேட்டு, தாளம் விழுந்த பிறகு அரை மூச்சு தள்ளிச் சுரத்தை வைக்கப் படித்தார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைகூட நடையை மாற்றியது. அதைப் பிசகு என்று பத்து வருஷம் திட்டிய வெள்ளைத்துரை, இப்போது ஃபிளெக்ஸில் ‘தனிப்பாணி’ என்று போட்டிருந்தார்.

இதைக் கேட்டே இராத ஒரே ஆள் செல்லச்சாமியின் மனைவி சொர்ணலட்சுமி. சாவுக்கு ஊதுகிற குழலை வீட்டுக்குள் ஊதக் கூடாது என்பது குடும்ப வழக்கம். அதைக் காவல் காத்தவளும் அவளே. வெளியே போய்க் கேட்கலாமென்றால், பேண்டுக்காரர் பெண்டாட்டிக்கு யார் பத்திரிகை வைக்கிறார்கள்?

இன்று பாராட்டு விழா. சொர்ணலட்சுமி தான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவரிடம் கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்கு வந்திருந்தாள். அரை மணி நேரம்தான். அதற்குள் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பொன்னாடை. போர்த்தியவருக்கு ஒரு நன்றி, போர்த்தச் சொன்னவருக்கு ஒரு நன்றி. எட்டாவதாக வெள்ளைத்துரை, “இசை என்பது என்னவென்றால்” என்று ஆரம்பிக்க, வெளியே ஹாரன் கேட்டது. சொர்ணலட்சுமி எழுந்தாள்.

செல்லச்சாமி பொன்னாடைகளை நாற்காலியில் போட்டுவிட்டு, ட்ரம்பெட்டோடு மேடையிலிருந்து இறங்கி ஓடினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் நின்று ஊதினார். கல்யாணப் பாட்டுத்தான். ஆடுகிற பல்லை உதட்டால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுரத்தையும் அரை மூச்சு தள்ளித் தள்ளி வைத்தார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். சொர்ணலட்சுமி, பட்டாசு மருந்து படிந்த விரல்களால் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

“எப்படி இருந்துச்சு புள்ள?”

“இதையா இம்புட்டு வருசமா ஊருக்கெல்லாம் ஊதிட்டுத் திரிஞ்சீக?” அவர் உதட்டோர ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். “வீட்லயே ஊதியிருக்கலாம்ல. நான் வேண்டாம்னா உடனே கேட்டுருவீகளாக்கும்.”

வேன் கிளம்பியது. உள்ளே வெள்ளைத்துரை இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.