மொட்டைமாடியில் இருபது நிமிடம்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. எட்டு சலவை மெஷின், ஆறு உலர்த்தும் மெஷின், விரிப்புகளை இஸ்திரி போடும் நீளமான உருளை, எந்நேரமும் ஆவி. பகல் ஷிப்டில் இருபத்தாறு பேர். விடிவதற்கு முன் உள்ளே போனால், தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் வெளியே வருவார்கள்.

அந்த ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் அவள்தான். வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருட சர்வீஸ். எல்லோரும் அவளை நீராவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவியில் வேலை செய்வதால் வந்த பேர் இல்லை. கோபம் வந்தால் கத்துவாள், அடுத்த நிமிடமே அடங்கிவிடுவாள், அதனால் வந்த பேர்.

அவளுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை, நடை, வாய்க்கட்டு என்று ஒழுங்காகத்தான் இருந்தாள். போன வருடக் கடைசியில் ஏதோ மாறியது. முதலில் தூக்கம் கெட்டது. பிறகு கைகால் கனத்தது. கடைசியில் பேச்சு குறைந்தது.

அதை முதலில் கவனித்தது பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். ஒரு நாள் இஸ்திரி உருளையில் விரிப்பு ஒன்று சிக்கி, அடுத்தடுத்து பன்னிரண்டு விரிப்புகள் கருகின. கருகல் வாடை கூடமெங்கும் பரவியது. எல்லோரும் அக்காவின் கத்தலுக்காகக் காத்து நின்றார்கள். அவள் அந்தத் துணிகளைப் பார்த்தாள். "சரி, எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அக்கா ஒண்ணும் சொல்லாம போய் உக்காந்துட்டாங்க" என்று பாய்லர் அண்ணன் அன்று மாலையே அவளுடைய கணவரிடம் போய்ச் சொன்னார்.

கணவருக்கு முடிவெட்டும் கடை. நாள் முழுக்கக் கத்தரியோடு வாயும் ஓடும். ஆனால் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது, அவள் முந்திக்கொள்வாள். கடந்த மூன்று மாதமாக வீட்டில் தான் மட்டுமே பேசிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அலமாரியைத் திறந்து அவளுடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். வாங்கிப் பதினாறு நாளாகியும் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"மாத்திரை போடலையா நீ?"

"போட்டு என்னங்க ஆகப் போகுது."

கேள்வி கேட்கிற குரலே இல்லை அது. மறுநாள் அவர் கடையைத் திறக்காமல் அவளைச் சர்க்கரை கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

வழக்கமாக அங்கே ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், அரிசியைக் குறைக்கச் சொல்வார்கள். அன்று இருந்த நர்ஸ் புதுசு. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த ரெண்டு வாரத்துல எதுலயாவது மனசு லயிச்சுச்சா?"

"வேலைக்குப் போறேன், வரேன்."

"அது இல்லம்மா. பிடிச்சுச் செஞ்சது ஏதாவது?"

அவள் யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வராததை நினைத்து அழுகை வந்தது. எட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்த பிறகு மீதிக் கேள்விகளைக் கேட்டாள். 'காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலைன்னு சில நாள் தோணுது' என்பதைக்கூட அவள் சொன்னாள். வெளியே உட்கார்ந்திருந்த கணவருக்கு அது கேட்டது.

மூன்று நாள் கழித்து ரத்த முடிவுகளோடு டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"சர்க்கரை ஏறியிருக்கு, அது தெரிஞ்சதுதான். உங்களுக்கு மனச்சோர்வும் இருக்கு. அது சோம்பேறித்தனம் இல்ல, திமிரும் இல்ல, வியாதி. சர்க்கரை உள்ளவங்களுக்கு அது நிறைய வருது, நாங்கதான் கேக்குறதில்ல. இன்னொண்ணு, உங்க உடம்புல வைட்டமின் டி, வெயில்ல கிடைக்கிறது, எட்டுதான் இருக்கு. இருபதாவது இருக்கணும்."

"அதை ஏத்துனா இவ சரியாயிடுவாளா டாக்டர்?" என்றார் கணவர்.

"அப்படி நான் சத்தியம் பண்ண மாட்டேன். குறைவா இருந்து ஏத்துனப்போ சிலருக்கு மனசு தெளிஞ்சிருக்கு, சிலருக்கு ஒண்ணும் தெரியல. ஆனா இவ்வளவு குறைவா இருக்கிறதை விட்டு வைக்கக் கூடாது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மாத்திரை. வியாழக்கிழமை மனநல ஆலோசகரைப் பாருங்க. சர்க்கரை மாத்திரையை விடவே கூடாது. மூணும் சேர்ந்து போகட்டும்." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "வெயில்ல எப்போ கடைசியா நின்னீங்க?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்கு வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டு நிற்பார். "உங்களுக்காகத்தான் முழுங்குறேன்" என்பாள். "யாருக்காகவோ, உள்ள போனா சரி" என்பார். வியாழக்கிழமைகளில் ஆலோசகரிடம் முதலில் வேலையைப் பற்றி மட்டும் சொன்னாள். பிறகு, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட மகளைப் பற்றிப் பேசினாள். அப்புறம், கால் போய்விடுமோ, கண் போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயத்தையும் சொன்னாள்.

ஆறாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. யாரோ சிவப்புத் துண்டு ஒன்றை வெள்ளை விரிப்புகளோடு போட்டுவிட்டார்கள். மெஷினைத் திறந்தால் நாற்பது விரிப்பும் ரோஜா நிறம்.

"எந்தப் புண்ணியவான் வேலைய்யா இது? கண்ணை வீட்ல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா? இந்த விரிப்புல படுக்கிறவன் என்ன, கல்யாணமா பண்ணிக்கப் போறான்?"

கத்தியது அக்காவேதான். பாய்லர் அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு உருளை அருகில் நின்றவர்கள், மடிப்பு மேசையில் நின்றவர்கள் எல்லோரும். துண்டைப் போட்டவளும் சிரித்தாள். அக்கா எல்லோரையும் முறைத்துப் பார்த்தாள், முறைக்க முடியாமல் அவளும் சிரித்துவிட்டாள். நெஞ்சில் அடைத்திருந்த பஞ்சு மூட்டை ஒன்று நகர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

தெளிவு வந்ததும் முதலில் அவளுக்குத் தோன்றிய கேள்வி: எனக்கு வைட்டமின் எட்டு என்றால் மற்றவர்களுக்கு? நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் டாக்டரம்மாவிடம் பேசி, ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தாள். இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேருக்குக் குறைவு. ஐந்து பேருக்கு, தெரியாமலே சர்க்கரை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"தினமும் காலையில இருபது நிமிஷம் எங்களை மொட்டைமாடிக்கு விடணும் சார்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? நீங்க என்ன துணியா, வெயில்ல காயப்போட?"

"இந்த ஓட்டல் திரைச்சீலைகூட மாசத்துக்கு ஒரு தடவை மாடிக்குப் போய் வெயில் பாக்குது சார். நாங்க பாக்குறதில்ல."

"வேலையை யார் பாக்குறது?" என்றார் மேனேஜர்.

"பத்தரைக்கு எட்டு மெஷினையும் சேர்த்து ரொப்பிட்டா நாப்பது நிமிஷம் அதுபாட்டுக்கு ஓடும். பாதிப் பேர் முதல்ல போவோம், மீதிப் பேர் உருளையைப் பாப்பாங்க. இவங்க இறங்கினதும் அவங்க ஏறுவாங்க. உருளை ஒரு நிமிஷம்கூட நிக்காது."

"ஒரு வாரம் பாக்கலாம். மேல போற துணித் தள்ளுவண்டி ஒண்ணு லேட்டானாலும் இந்தப் பேச்சு அத்தோட முடிஞ்சுது."

நான்கு நாள் பிரச்சினையில்லை. ஐந்தாம் நாள் சுற்றுலாக் கூட்டம் ஒன்று மூன்று மாடி அறைகளையும் ஒரே காலையில் காலி செய்தது. மதியம் இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம். அழுக்குத் துணி கூரைவரை குவிந்தது. "இன்னிக்கு மாடி வேணாம்க்கா" என்றார்கள்.

"போகணும். இன்னிக்குத்தான் போகணும். முதல் பாதி, கிளம்பு."

போனார்கள், இறங்கினார்கள், அடுத்த பாதி ஏறியது. அக்கா மடிப்பு மேசைக்கும் உருளைக்கும் நடுவே நின்று, யார் கை தளர்கிறதோ அங்கே போய்த் தானும் கை கொடுத்தாள். ஒன்றேகாலுக்கு மேனேஜர் கைக்கடிகாரத்தோடு கீழே வந்தார். ஒன்று இருபத்தைந்துக்குக் கடைசித் தள்ளுவண்டி லிப்டுக்குள் போயிற்று. மேனேஜர் கேட்டிருந்தது ஒன்றரைக்கு. பாய்லர் அண்ணன் கைதட்டினார், கூடமே சேர்ந்து தட்டியது. மேனேஜர் சுவரில் தொங்கிய வேலை அட்டவணையை எடுத்து, பத்தரைக்கு எதிரே 'மாடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமையும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதப் பரிசோதனையில் வைட்டமின் முப்பத்திரண்டு. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பத்திலிருந்து ஏழரைக்கு இறங்கியிருந்தது. நர்ஸ் அதே கேள்வித்தாளைப் படித்தாள். 'பிடிச்சுச் செஞ்சது ஏதாவது?' என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதிலை எழுத அந்தத் தாளில் இடம் போதவில்லை.

"எல்லாத்தையும் அந்த மாத்திரையே பண்ணிடுச்சுன்னு நினைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே. "அதுக்கு எவ்வளவு பங்குன்னு எனக்கே தெரியாது."

"யாருக்கு எவ்வளவு பங்குன்னு நீங்க மெதுவா யோசிங்க டாக்டர். எனக்கு நேரமில்ல. எதிர் ஓட்டல் சலவைக்கூடத்துல பேச வரச் சொல்லியிருக்காங்க. அங்க முப்பது பேர் இருக்காங்களாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வேகமாகப் படியிறங்கினாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள்.