பத்தாம் நம்பர் உதைக்கும்போது

1

பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது.

அயர்லாந்தின் லிமரிக் நகர ரக்பி மைதானத்தில் அது வழக்கம். எதிரணிக்காரர் கம்பங்களைக் குறிபார்த்து உதைக்கத் தயாரானால், அதுவரை அவரைத் திட்டித் தீர்த்த கூட்டம் அப்படியே அடங்கிவிடும். யாரும் கட்டளையிடுவதில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்கும். பல வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்; இன்னமும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "பனி கொட்டிய அந்த ஏப்ரல் மாலையில் மாலக்கி கின்னேன் தன் பச்சைத் தொப்பியை—"

(ஏப்ரலில் இங்கே பனி ஏது? தூறல்தான். அதோடு, மாலக்கி யாரென்றே நீங்கள் அறியாதபோது அவர் தொப்பியை என்ன செய்தால் உங்களுக்கென்ன? அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

2

மாலக்கி என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி எய்ர்லிஸ் வேல்ஸ்காரி. மகள் நெஸ்டா லிமரிக்கில் பிறந்தவள், அப்பாவிடம் உதைக்கக் கற்றவள். அம்மா வழியில் வேல்ஸுக்கும் ஆட அவளுக்கு உரிமை உண்டு. அயர்லாந்து அணியில் "இன்னும் ஒரு வருஷம் பொறு" என்றார்கள். வேல்ஸ் "இப்பவே வா" என்றது. போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாலக்கி அவளோடு பேசவில்லை. பெண்களுக்கான ஆறு நாடுகள் ரக்பி தொடங்கி, மதுக்கடைத் தொலைக்காட்சியில் அவள் முகம் வந்தபோதும் பெயரைச் சொல்லவில்லை. அவள் சட்டையின் எண்ணை வைத்து "அந்தப் பத்தாம் நம்பர்" என்பார். "அந்தப் பத்தாம் நம்பர் பந்தக் கைல வெச்சுகிட்டு யோசிக்குது பாரு." அவ்வளவுதான்.

இங்கே நான் எழுதுவதை நிறுத்தினேன். என் பாத்திரத்தை எனக்கே நம்ப முடியவில்லை. ஒரு சட்டையின் நிறத்துக்காக ஒரு தகப்பன் இவ்வளவு தூரம்… வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எய்ர்லிஸைக் கேட்டேன்.

"அவனும் ஒரு சீசன் பூரா அயர்லாந்து பெஞ்சுல பச்சச் சட்ட போட்டு உக்காந்திருந்தான்" என்றாள். "அப்பல்லாம் யாருக்காவது அடிபட்டாத்தான் மாத்து ஆள உள்ள விடுவாங்க. ஒருத்தனுக்கும் ஒரு கீறல்கூட விழல."

"அடுத்த சீசன்?"

"கூப்பிடவே இல்ல. அந்தச் சட்டயோட பொண்ணாவது உள்ள எறங்குவான்னு இருந்தான். அவ வேல்ஸோட செவப்பப் போட்டுகிட்டா."

பிறகு, கிளிப்பைப் பல்லில் கடித்தபடியே: "கடைசி மேட்ச், அயர்லாந்தும் வேல்ஸும், இங்கதான். மூணு டிக்கெட் வாங்கியிருக்கேன். நீயும் வா. நடுவுல யாராவது உக்காரணும்ல."

3

இது நான் ஆசையோடு விளக்கும் பகுதி. தாண்டிப் போய்விடாதீர்கள், முடிவு இதில்தான் நிற்கிறது.

எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. அதன்பிறகு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாக உதைத்தால் இன்னும் இரண்டு. ஆனால் பந்தை எங்கே வைத்தார்களோ, அதற்கு நேராக நின்றுதான் உதைக்க வேண்டும். மூலையில் வைத்திருந்தால், அங்கிருந்து பார்க்க இரண்டு கம்பங்களும் ஒட்டிக்கொண்டாற்போல் தெரியும். அதே நேர்கோட்டில் பின்னால் போகலாம். போகப் போக நடுவில் வாசல் திறக்கும். தூரமும் கூடும்.

எங்கே நிற்பது? முழு வித்தையும் இந்தக் கேள்விதான். யோசிக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது: வாசலைப் பெரிதாக்க, அதைவிட்டு விலகிப் போக வேண்டியிருக்கிறது.*

* இதை நெஸ்டாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாலக்கி. எங்கள் தெருவின் இரண்டு விளக்குக் கம்பங்கள்தான் அவர்களுடைய வாசல். என் சன்னல் அதற்குப் பின்னால் இருந்தது.

4

"அயர்லாந்து ஆடுது, பாக்க வரேன். வேற ஒண்ணுக்கும் இல்ல" என்றபடி மாலக்கி வந்து உட்கார்ந்தார். எல்லைக்கோட்டை ஒட்டிய இருக்கை.

"அந்தச் செவப்பு மஃப்ளரக் கழட்டு, எய்ர்லிஸ்."

"மொதல்ல நீ அந்த மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டு வா."

நடுவில் நான்.

அந்த வசந்தத்தில் இரு அணிகளும் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. இதிலும் தோற்பவருக்கு மரக்கரண்டி. (அப்படி ஒரு கரண்டி உண்மையில் இல்லை. கடைசி இடத்துக்கான கேலிப் பெயர். இல்லாத கரண்டிக்கு ஒரு நாடே பயப்படும்.) கடைசி நிமிடத்தில் அயர்லாந்து இருபது, வேல்ஸ் பதினான்கு. சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்த ஒரு வேல்ஸ் பெண் எங்கள் பக்கத்து மூலையில், கோட்டுக்கு அப்பால் விழுந்தாள், பந்தோடு. பத்தொன்பது. நேரம் முடிந்துவிட்டது. மீதி அந்த ஒரு உதைதான்.

நெஸ்டா பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்தாள். பின்னால் நடந்தாள். இன்னும் பின்னால்.

"போதும்" என்று மாலக்கி முணுமுணுத்தார். "போதும், நில்லு."

நின்றாள்.

அப்போது அந்த அமைதி வந்தது. மைதானம் முழுக்க, படிப்படியாகக்கூட இல்லை, ஒரே மூச்சில். சொந்த நாட்டைக் கடைசியில் தள்ளப்போகிற காலுக்கு ஒரு ஊரே இடம்விட்டு நின்றது. கொடிக்கயிறு தட்டிக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒருவன், வெளியூர்க்காரனாக இருக்கலாம், விரல்களை வாயில் வைத்து விசிலடித்தான்.

மாலக்கி எழுந்து திரும்பினார்.

"வாய மூடுய்யா! என் பொண்ணு அடிக்கப் போறா!"

அத்தனை அமைதியில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. லிமரிக்காரர் ஒருவர், உதைக்கும் நேரத்தில், மைதானமே கேட்கும்படி கத்திவிட்டார். நாலு வரிசைக்குத் தலைகள் திரும்பின. நெஸ்டாவின் தலையும். அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து, பந்தின் நுனியிலிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் பந்து உள்ளே போகிறது. மரக்கரண்டி அயர்லாந்துக்கு. மதுக்கடையில் மாலக்கியை ஒரு வருடத்துக்கு ஓட்டுகிறார்கள், அவர் சிரித்துக்கொண்டே—

இரண்டாவதில் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது. வேலியோரம் நெஸ்டா, "இவ்ளோ நாள் பேசாம இருந்த, இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருக்கக் கூடாதாப்பா?" என்று—

மூன்றாவதில் மழை வலுக்கிறது. (அது கோழைத்தனம். கிழித்துவிட்டேன்.)

எதையும் முடிக்க முடியவில்லை. நான் கண்ணால் கண்டதை மட்டும் தருகிறேன். அவள் ஓடிவந்து உதைத்தாள். மைதானத்தின் எல்லாத் தலைகளும் பந்தோடு மேலே எழும்பின. எய்ர்லிஸின் தலையும்தான். ஒரு தலை மட்டும் எழவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி மாலக்கி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் பந்தைப் பார்க்கவில்லை.

இன்னும் சத்தம் வரவில்லை. பந்து உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. பார்த்து, நீங்கள் சொல்லுங்கள். அவருக்கு அவசரமில்லை.